துரை வீட்டு நாய்களும் தண்ணீர்த் திருவிழாவும்

ரங்கூனுக்கு வடக்கே, மாவ்பி சாலையில் ஒரு துரையின் தோட்டம். இன்று பர்மியரின் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. நாய்க்காரர் மாரிமுத்து அண்ணனோடு கல்வாழைப் பாத்திகளைச் சுற்றி நடக்கிறேன். முன்னால் இரண்டு சடை நாய்கள், குளிப்பாட்டிச் சீவியதில் வெள்ளை வெளேரென்று துள்ளுகின்றன. துரை வீட்டுத் தேநீருக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்.

"இதுங்க மேல ஒரு சொட்டு பட்டாலும் எனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும், தம்பி!"

தோட்டக்காரரின் மனைவி மா சேன் வெள்ளிக் கிண்ணத்தோடு வழிமறிக்கிறாள். "ஊத்தட்டா?"

இன்றைக்கு யாரும் மறுக்கக்கூடாது, கோபிக்கவும் கூடாது. நான் உற்சாகமாகக் கழுத்தை நீட்டுகிறேன். எனக்கு ஊற்றியது போக மீதித் தண்ணீரை அவள் நாய்களின் தலையில் கவிழ்க்கிறாள்.

"ஐயையோ, மா சேன்!"

"நாய்க்கும்தானே வருஷம் பொறக்குது, கோ மாரி!" என்கிறாள், பர்மியத்தில் அண்ணன் என்று கூப்பிட்டு.

நாய்கள் புல்வெளிக்குப் பாய்ந்து, துரைசானியின் பட்டுக் கவுனை ஒட்டி நின்று உடம்பை உதறுகின்றன. துரை முகம் சிவந்து எழுகிறார். மாரிமுத்து கண்ணை மூடிக்கொள்கிறார். மா சேனோ கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு நேரே துரையிடம் போகிறாள். பணிவாகக் குனிந்து கேட்கிறாள். துரை பர்மாவில் பழம் தின்று கொட்டை போட்டவர். பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை நீட்டுகிறார். துரைசானி சிரித்துவிடுகிறாள். அடுத்து விருந்தாளிகள், ஒருவர் பாக்கியில்லாமல்.

மாரிமுத்து ஒற்றைக் கண்ணைத் திறக்கிறார். "தம்பி, இந்தக் கூட்டத்துல இப்ப நம்ம நாய்ங்கதான் கொஞ்சம் காஞ்சிருக்கு!"