வேட்டி முனையில் சிவந்த மஞ்சள்

ஆரத்தி கரைக்கக் கூப்பிட்டால் நான் ஒருநாளும் மறுப்பதில்லை. தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் ஒரு விரல் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் சிவப்பு பரவும். உடனே சித்தியின் நினைவு வரும். கூடவே கோபமும் வரும். இத்தனை வயதாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

சித்தி குருவிகுளத்துப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் சங்கரன்கோவிலில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வாழ வந்தாள். மூன்று வருடமாகியும் பிள்ளையில்லை. சித்தப்பாவுக்குச் சிவகிரியில் வேறு பெண் பார்த்து வைத்துவிட்டார் பெரியப்பா. தாலுகா ஆபீஸ் உத்தியோகஸ்தர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சித்தப்பாவோ அண்ணன் முன்னால் வாயில் ஈ போனாலும் துப்பாதவர். சித்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப ஒரு சாக்குதான் பாக்கி.

புதுத் துணியின் முனையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகுதான் எங்கள் பக்கம் உடுத்துவார்கள். பெரியப்பாவின் புது வேட்டியிலும் மஞ்சள் இருந்தது. சித்தி அதைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து, சரியாக அலசாமல் கொடியில் போட்டுவிட்டாள். காய்ந்தபோது அந்த முனை செக்கச்செவேல் என்று நின்றது. பெரியப்பா வீட்டையே கூட்டினார்.

"பாத்தியளா? மங்கலத்துக்கு வச்ச மஞ்சள் ரத்தமா நிக்கு. இவ கை பட்டா இந்த வீடு வெளங்காது. வண்டியப் பூட்டச் சொல்லுங்க."

சவுக்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அன்றாடம் துவைக்கிற பெண்களுக்குத் தெரியாதா? பெரியம்மாவுக்குத் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

கணவனின் அண்ணன் எதிரில் பெண்கள் வந்து நிற்காத காலம் அது. கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவார்கள். சித்தி நேராக முற்றத்துக்கு வந்தாள். ரசத்துக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரை வேட்டி முனையில் ஊற்றிக் கசக்கினாள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. அதை நன்றாக அலசினாள். பிறகு பெரியப்பாவின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, சுண்ணாம்பை எடுத்து அதே இடத்தில் தேய்த்தாள். மறுபடியும் சிவந்தது.

"நான் இந்த வாசப்படி ஏறுகையில ஆரத்தி எடுத்தியளே அத்தான், அதுவும் இதே மஞ்சள், இதே சுண்ணாம்புதான? தட்டுல செவந்தா மங்கலம், வேட்டியில செவந்தா குத்தமா? என்னய அனுப்பணும்னா பிள்ளையில்லன்னு சொல்லி அனுப்புங்க. வேட்டி மேல பழியப் போடாதிய."

சித்தி பெரியப்பாவை விட்டுத் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. போன்னா போறேன்."

சித்தப்பா மெதுவாக எழுந்தார். வாசலுக்குப் போய் வண்டிக்காரனிடம், "மாட்ட அவுத்து விடுலே" என்றார். அவர் குரல் அந்த வீட்டில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பிற்பாடு பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று சொல்லி லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினார்கள். மற்றவர்கள் தாளைப் பார்த்தார்கள். எனக்குப் பெரியப்பாவின் வேட்டிதான் தெரிந்தது. அடக்க முடியாமல் சிரித்து, பெஞ்சு மேல் நின்றேன்.

சித்திக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. கடைசிவரை அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

போன மாதம் என் தம்பி பேரன் பெண்டாட்டியோடு அதே வாசலில் வந்து நின்றான். நான்தான் ஆரத்தி எடுத்தேன். உறவுக்காரி ஒருத்தி, "சீக்கிரம் ஒரு பிள்ளயப் பெத்துக் குடுத்துரு தாயி" என்றாள். நான் தாம்பாளத்தை இறக்கவில்லை.

"அவ வாழ வந்திருக்கா. பெறுததும் பெறாததும் அவ பாடு" என்றேன்.

பிறகு அந்தச் சிவப்பைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தேன்.