செம்புத் தகட்டில் பட்ட கை

பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறை வாசலில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். பட்டாசு மருந்தைத் தொடப் போகும் ஒவ்வொருவரும் அதில் வெறுங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும் என்பார் போர்மேன். "துணியோட தொட்டா தொட்டதாவே கணக்கில்ல" என்று தினமும் சொல்வார். பலர் கை பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி மட்டும் பளபளத்துக் கிடக்கும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. எல்லாரும் ஒரு தடவை வைத்தால் நான் இரண்டு தடவை வைப்பேன்.

என்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டது என் அண்ணன் மனைவி, மதினி. எங்கள் ஊர் ஆனைக்குட்டத்திலிருந்து இருவரும் ஒரே வேனில் போவோம். ஒரு கோடையில் மதினியின் விரலிடுக்குகள் சிவந்து அரிக்கத் தொடங்கின. பிறகு சிறு கொப்புளங்கள் கிளம்பி நீர் வடிந்தது, காய்ந்து தோல் வெடித்தது. கரப்பான் என்றார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசிய அன்று எரிச்சல் தாங்காமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய வெள்ளி நிற அலுமினியப் பொடியைப் போக்க நாங்கள் மண்ணெண்ணெயில் கழுவுவது வழக்கம். அந்த வெடிப்புகளோடு அவரும் அதிலேயே கழுவினார். புண் சீக்கிரம் ஆறும் என்று பக்கத்தில் நின்று நாங்களே சொன்னோம்.

உண்மையில் அவரைவிட, ஒட்டிக்கொள்ளுமோ என்று எங்களுக்குத்தான் பயம் அதிகம். முதலில் அவர் குடிக்கும் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அப்புறம், அவர் கை வைத்த தகட்டைத் தொட அடுத்தவர் தயங்கினார். ஒருத்தி தொட்டது போலப் பாவனை காட்டிவிட்டு நழுவினாள். நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டேன். சொந்த மதினி, ஒரே பானைச் சோறு, ஆனாலும் சுற்றினேன். ஒரு பொறி போதும், அந்த அறையில் யாரும் மிஞ்ச மாட்டோம். அது தெரிந்தே அரிப்புக்குப் பயந்தோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் சேலை உரசும் சத்தத்துக்கே திடுக்கிட்டு மருந்திலிருந்து கையை எடுப்பேன். மறுநாள் மறுபடியும் முந்தானையைத்தான் சுற்றுவேன்.

சில நாளில் மதினியின் போக்கு மாறியது. வேனிலிருந்து முதலில் இறங்கினாலும் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்பார். நாங்கள் எல்லாரும் வெறுங்கையை வைத்து உள்ளே போன பிறகு, கடைசியாகத் தகட்டைத் தொட்டு நுழைவார். "தெனமும் ஒனக்கு மட்டும் என்ன ஆடி அசைஞ்சு வாரது?" என்று போர்மேன் ஏசுவார். மதினி தன் இடத்தில் போய் உட்காருவார். அவரைப் போர்மேன் வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயப்படுவேன்.

கடைசியில் நான்தான் அவரை விருதுநகரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா மதினியின் இரண்டு கைகளையும் வெறுங்கையால் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது எக்ஸிமா. யாருக்கும் ஒட்டாது. மொதல்ல மண்ணெண்ணெய விடுங்க" என்றார். பச்சிலை அரைத்துப் பூசுவதையும் நிறுத்தச் சொல்லிக் களிம்பு கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி, ஈரம் காயும் முன்னே தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். சில வாரங்களில் வெடிப்பு மூடியது. வெயில் ஏறினால் மட்டும் மறுபடி எட்டிப் பார்க்கும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு அன்று திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "ஏன் மதினி, தெனமும் கடைசியாவே நின்னீக?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ முந்தானையச் சுத்தித் தொட்டதப் பாத்தேன். எனக்கு அரிச்சா அரிச்சுட்டுப் போகுது. எனக்குப் பெறகு வாரவுக வெறுங்கைய வைக்காமப் போனா அம்புட்டுப் பேரும் போய்ச் சேந்துருவோம்ல."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வீடு வரும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மதினி இப்போது வேலைக்கு வருவதில்லை. நான் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். இந்தக் கோடையில், அதே பொடி பட்டுப் பட்டு, என் விரலிடுக்குகளிலும் அதே சிவப்பு, அதே வெடிப்பு. களிம்பு, எண்ணெய், வேட்டித் துணி எல்லாம் தவறாமல் நடக்கிறது. ஒட்டாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இன்று காலை தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.