பவுல்ராஜின் முன்பற்கள்

மந்தாரக்குப்பத்தில் ஒரு சாவு ஊர்வலத்தில்தான் பவுல்ராஜால் முதல் முறையாகப் பாட்டை முடிக்க முடியாமல் போனது. மேல் சுரத்தைப் பிடிக்க ட்ரம்பெட்டை உதட்டோடு அழுத்தியபோது முன்பல் ஒன்று அசைந்தது. காற்று பக்கவாட்டில் சீறியது. கருவியை இறக்கிப் பார்த்தார். மவுத்பீஸில் ரத்தம்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் ஜோஸ்வாவின் பேண்டில் முதல் ட்ரம்பெட். கல்யாணமோ தேர்பவனியோ, பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்தான். மூன்று நான்கு வருடங்களாகவே பல் துலக்கும்போது ரத்தம் வந்துகொண்டிருந்தது. மேல்வரிசைப் பற்கள் விசிறியாக விரிந்து, நடுவில் தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. எல்லாம் தெரிந்தும் வாயில் புகையிலை அடக்குவதை அவர் விடவில்லை.

மறுநாள் மனைவி ஷைனி அவரைப் பல் மருத்துவர் ஹுமாவிடம் அழைத்துப் போனார். என்ன சிகிச்சை என்பதைப் பவுல்ராஜ் முன்பே முடிவு செய்திருந்தார். கம்பி கட்டாமல், கண்ணாடி போன்ற உறையைப் பல்மேல் மாட்டியே வரிசைப்படுத்துவதைச் செல்போனில் பார்த்திருந்தார்.

“அந்த அலைனர மாட்டி வுட்டுடுங்க டாக்டர். ஈஸ்டருக்கு நான் ஊதணும்.”

ஹுமா ஒரு மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“ஈறு நோய் முத்தி, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சிருக்குங்க. அதனாலதான் பல்லு நகர்ந்திருக்கு. இப்பவே அலைனர் போட்டுத் தள்ளினா மிச்ச எலும்பும் போயிடும்.”

“அப்ப புடுங்கிடுவீங்களா?”

“ஆடுற பல்லு நிக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. முதல்ல ஈறு ஆறட்டும். புகையிலையை விடுங்க. நான் சொல்ற வரைக்கும் ட்ரம்பெட்டைத் தொடாதீங்க.”

“எவ்ளோ நாளு?”

“ஈறுக்கு மூணு நாலு மாசம். அப்புறம் அலைனர் ஒரு வருஷத்துக்கு மேல.”

பவுல்ராஜ், “எந்தப் பல்லையும் புடுங்காம பாருங்க. நீங்க சொல்றத நான் செய்றேன்” என்றார்.

புகையிலை லேசில் போகவில்லை. முதல் இரண்டு வாரம் தலைவலி. யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தார். இரண்டு முறை தவறினார். மூன்றாம் வாரத்திலிருந்து தொடவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் படிந்திருந்த காரையை ஹுமா நான்கு தவணையாகச் சுரண்டி எடுத்தார். பல்லிடுக்குக்கென்று தந்த குட்டி பிரஷ்ஷால் காலையும் இரவும் கால்மணி நேரம் சுத்தம் செய்தார் பவுல்ராஜ்.

பேண்டை மட்டும் விட மனமில்லை. பெரிய டிரம்மைக் கேட்டுக்கொண்டு ஜோஸ்வாவிடம் போனார்.

“பாட்டு எடுத்துக் குடுத்துகினு இருந்தவன், டிரம்ம தூக்கிகினு பின்னாடி நடப்பியா?”

“நடப்பேன். வூட்ல உக்காந்துகினு பாட்டு போறத கேக்க என்னால ஆவாது.”

அந்த ஈஸ்டர் பவனியில் டிரம் அடித்துக்கொண்டேதான் நடந்தார். அதுவரை இரண்டாம் ட்ரம்பெட் ஊதிய இளைஞன் லியோ, அவர் இடத்தில் முதல் ட்ரம்பெட் ஊதினான்.

நான்காம் மாதம் ஹுமா மறுபடி அளந்தார். ரத்தக் கசிவு நின்றிருந்தது. பல்லின் ஆட்டமும் குறைந்திருந்தது. “இப்ப தள்ளலாங்க. ஆனா ரொம்ப மெதுவா” என்று முதல் அலைனரை மாட்டிவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு செட். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். கேன்டீனில் அவர் உறையைக் கழற்றுவதைப் பார்த்து உடன் வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அவர் குழாயடியில் வாய் கொப்பளித்து, பல்லிடுக்கைத் துடைத்து, உறையை மாட்டிய பிறகே ஷிஃப்டுக்குத் திரும்பினார்.

ஏழாவது செட்டின்போது குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணம். பந்தியில் அலைனரைக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள். மண்டபத்தின் பின்னால் குவிந்து கிடந்த எச்சில் இலைகளை, பேண்ட் சீருடைச் சட்டையின் கையை மடக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். முக்கால் மணி நேரம் தேடிக் கண்டெடுத்தபோது அது மிதிபட்டு விரிசல் விட்டிருந்தது. அங்கிருந்தே ஹுமாவுக்குப் போன் செய்தார்.

“உடைஞ்சதைப் போடாதீங்க. போன செட் இருக்கா?”

“எல்லாத்தையும் எடுத்து வச்சிருக்கேங்க.”

“வீட்டுக்குப் போனதும் அதை மாட்டிக்கோங்க. நாளைக்கு நேர்ல வாங்க. கொஞ்ச நாள் பின்தங்கும், அவ்வளவுதான்.”

எல்லாம் முடியப் பதினெட்டு மாதம் ஆனது. சந்து மூடிவிட்டது, ஆடிய பல்லும் நின்றுவிட்டது. இறங்கிய ஈறு மட்டும் மேலேறவில்லை. பற்களுக்கு இடையில், ஈறையொட்டிச் சிறு கறுப்பு முக்கோணங்கள் தெரிந்தன. பற்கள் மறுபடி விலகாதிருக்க ஹுமா அவற்றின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டினார். அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது: தினம் பத்து நிமிடம், அழுத்தாமல்.

அழுத்தாமல் ஊத அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கீழ்ச் சுரங்கள் சுத்தமாக வந்தன. மேல் சுரம் எட்டவில்லை. ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு ஜோஸ்வாவிடம் சொன்னார்:

“மேல லியோவே ஊதட்டும். எனக்கு ரெண்டாவது குடு.”

ஜோஸ்வா இரண்டாம் ட்ரம்பெட்டின் இசைத்தாளை எடுத்து நீட்டினார்.

இப்போது பவுல்ராஜ் வரிசையில் லியோவுக்குப் பக்கத்தில் நின்று ஊதுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்ட வேண்டும். அன்றைக்கு ஷிஃப்ட் விழுந்தால், யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொண்டாவது போய்விடுகிறார்.