அண்ணன் அனுப்பிய ‘டவுன்’

என் வேலையைச் சொன்னால் எங்கள் வலியசாலைத் தெருவில் இன்னமும் சிரிப்பார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. சாலைக் கடைத்தெரு வியாபாரிகளுக்கு மெயில் வசதி கொடுக்கிறோம். அந்த மெயில் சர்வர் ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்ப்பது நான். ஒரு புரோகிராம் நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் திரையில் பச்சை. வராவிட்டால் சிவப்பு, கூடவே என் போனும் அலறும்.

அம்மாவின் முதல் வருஷத் திதியன்று அது அலறித் தொலைத்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இறங்கி வந்தபோது பந்தியே முடிந்திருந்தது.

“ஏட்டி, உனக்கு அம்மையைவிட அந்தப் பெட்டி பெரிசாப் போச்சா?” என்றார் அண்ணன், அத்தனை பேர் முன்னாலும்.

பேசாமல் போயிருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருந்தது! “உங்க கடை மெயிலும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்” என்றேன்.

“மதி, மதி” என்று கையை உயர்த்தி நிறுத்தினார். கோபம் வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும்; ‘மதி’ என்றால் ‘போதும்’. அதோடு பேச்சு நின்றுபோனது.

ஆனால் சாலைக் கடைத்தெருவிலிருந்த தன் இரும்புக்கடையின் மெயிலை மட்டும் அவர் வேறெங்கும் மாற்றவில்லை. சர்வர் படுத்தால் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரே ஒரு சொல் வரும்: ‘டவுன்’. சரிசெய்துவிட்டு நான் ‘ரெடி’ என்று அனுப்புவேன். வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சர்வர் படுத்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் ‘டவுன்’ வந்தது. திரையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. காலையிலேயே மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எரிச்சல் வேறு. திரையைப் படம் பிடித்து அனுப்பி, கீழே எழுதினேன்: ‘இங்க எல்லாம் சரியா இருக்கு. உங்க நெட்டைப் பாருங்க.’ நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. செரி, அவர் பக்கத்துக் கோளாறுதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மதினியைக் கோயில் வாசலில் பார்த்தேன். வியாபாரம் ஓடவில்லை, கடையை மூடியாயிற்று என்றாள். எப்போது என்று கேட்டேன். ‘டவுன்’ வந்த அதே மத்தியானம்தான்.

“சரக்கெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு, காலிக் கடையில போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாவ. ‘தங்கச்சிகிட்ட என்னத்தைச் சொல்ல’ன்னு கேட்டாவ. எதையாச்சும் அனுப்புங்க, அவ கூப்பிடுவான்னு நான்தான் சொன்னேன்.”

பாவி நான். ஒரு போனைப் போட்டு ‘என்ன அண்ணே’ என்று கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்? இருந்த ஒரே அண்ணனுக்குப் பச்சை விளக்கைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். ‘மன்னிச்சிருங்க’ என்று அடித்தேன், அழித்தேன். ‘அண்ணே’ என்று மட்டும் அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் எங்களுக்குப் பழக்கமான சொல்லையே அனுப்பினேன்: ‘டவுன்’.

உடனே நீல டிக். அவர் எதையோ எழுதுவது தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘இங்க எல்லாம் சரியா இருக்கு. உன் நெட்டைப் பாரு.’