பாலைவனத்தில் நனைந்த துவாய்

என் அம்மா கட்டிலில் படுத்து உறங்கி நான் பார்த்து நெடுங்காலமாகியிருந்தது. கதிரையில் இருந்தபடிதான் உறங்குவார். முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள், கையில் செபமாலை, மடியில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப். அவருடைய மூச்சு இழுக்கும் சத்தம் எங்கள் வீட்டின் சுவர்க்கடிகாரம் மாதிரி. அது கேட்டுக்கொண்டிருந்தால்தான் எனக்கும் அப்பாவுக்கும் கண் மூடும். நின்றுவிட்டால் இருவரும் திடுக்கிட்டு எழுவோம்.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், நிலமட்டத்துக்குக் கீழே ஒரு பேஸ்மன்ட் வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அப்பா மட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். சண்டைக்காலத்தில் ஓடித் திரிந்ததில் இருவருக்கும் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிற்று. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அதனால் எந்தக் கேள்வி வந்தாலும் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். "நீ படிச்சனி, நீ சொல்லு தம்பி" என்பார் அப்பா. அந்த வார்த்தையை ஒரு பாறையைப் போலச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஒரு வருடம், தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குப் போக அம்மா சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலுக்குப் போட்டார். மற்றக் காலுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அம்புலன்ஸ்காரர்கள் அவரைப் படிகளால் மேலே தூக்கிக்கொண்டு போனபோது அந்தச் சப்பாத்து இல்லாத காலில் பனி விழுந்தது. அதைத் துடைக்கக்கூட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மருத்துவமனை நடையில் நின்று செபிக்கப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான ஒரு செபமும் வாயில் வரவில்லை. அப்பா என் பக்கத்தில் தொப்பியைக் கசக்கியபடி நின்றார். அவருக்கும் கேட்கும்படியாக நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, பெரிய அற்புதம் ஒண்டும் வேண்டாம். அம்மா ஒரே ஒரு இரவு படுத்து நித்திரை கொள்ளட்டும்."

அம்மா பிழைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதிரைதான்.

வீட்டுச் சுவரில் பூஞ்சணம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இல்லாத சுவர் எது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். யூலை முதலாம் திகதி, இந்த நகரமே வீடு மாறுகிற அந்த நாளில், நாங்களும் ஒரு இரண்டாம் மாடிக்கு மாறினோம். இழுப்புக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மொன்ட்ரியாலின் கோடை உங்களுக்குத் தெரியும். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அம்மா திரும்பவும் சன்னலோரக் கதிரைக்கே போனார்.

இலை உதிர்கிற காலத்தில் டொக்டர் இன்னொரு வார்த்தை சொன்னார். "வறண்ட காற்றில் சிலருக்கு இழுப்புத் தணியும். எல்லோருக்கும் அல்ல. நான் உறுதி தரமாட்டேன். போய்ச் சில நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்." அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

அப்பாவின் முகம் விரிந்தது. "அப்ப பாலைவனம்தான்" என்றார்.

அப்பா கலியாணத்துக்கு முன் வளைகுடாவில் லொறி ஓட்டியவர். "அங்கை உடுப்புத் தோய்ச்சுக் கொடியில போட்டிட்டுத் திரும்பினால் காஞ்சிருக்கும். கிளிப் குத்தவே நேரமிராது" என்றார்.

"ஒட்டகத்தோட சீவிச்ச மனுசன். கடைசிக் காலத்தில என்னையும் ஒட்டகமாக்கப் போறார்" என்றார் அம்மா. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் பாலைவனங்களில் அலைந்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குசினி மேசையில் லப்டொப்பை வைப்பேன். வெளியே பனி சன்னலின் பாதிவரை ஏறியிருக்கும். உள்ளே மூவரின் முகத்திலும் மணலின் வெளிச்சம் விழும். மஞ்சள் மலைகள், யாருமில்லாத நீண்ட வீதிகள், நிழலே விழாத மதியங்கள். அம்மா விரலால் திரையைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருக்கும் என்பதுபோல. அந்த நேரங்களில் அவருடைய மூச்சுக்கூட எங்கோ தொலைவில் வீசும் காற்றுப் போலக் கேட்கும்.

ஆனால் பாலைவனம் எல்லாம் எங்களுக்கான பாலைவனம் அல்ல. அரிசோனா அழகாய்த்தான் இருந்தது. ஆனால் வருடம் முழுக்க அங்கே இருக்க எங்களுக்கு விசா இல்லை, இங்குள்ள மருத்துவ அட்டையும் போய்விடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒசோயூஸ் என்று ஒரு சிற்றூர் உண்மையான பாலைவன ஓரத்தில் இருக்கிறது. அங்கே வீட்டு விலையைப் பார்த்துவிட்டு அப்பா தேத்தண்ணி போட எழுந்து போனார். கம்லூப்ஸ் வறண்ட இடம். ஆனால் கோடையில் காடு எரிகிற புகை அங்கே வந்து தங்கும் என்று படித்தேன். மூச்சு வாங்கப் போகிறவருக்குப் புகையா?

கடைசியில் அல்பேர்ட்டாவில் மெடிசின் ஹற். ஆற்றோரத்தில், மரமில்லாத மேடுகளுக்கு நடுவே ஒரு சிறிய நகரம். கள்ளியும் முள்ளும் வளரும் மண். குளிர் இருக்கிறது, ஆனால் காய்ந்த குளிர். கோடையில் புகை வரும் நாள்கள் அங்கும் உண்டு. ஆனால் மருத்துவமனை இருக்கிறது, கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது, இருவருடைய ஓய்வூதியத்துக்குள் அடங்குகிற வாடகை இருக்கிறது. தமிழர்தான் இருப்பதாகத் தெரியவில்லை.

செய்தி கோவில் மண்டபத்துக்குப் பரவியது. ரீற்றா மாமி எங்கள் செபக்கூட்டத்தின் மூத்தவர். அம்மாவுக்காக ஒரு நாள் தவறாமல் செபமாலை சொன்னவர். அவரே ஒரு கையில் ரோல்ஸும் மறுகையில் தேத்தண்ணியுமாக என்னை மறித்தார்.

"என்ன தம்பி, பெத்த தாயைப் பாம்புக்குள்ள கொண்டுபோய் விடப்போறியாம்? அங்கை வாலைக் கிலுக்கிற பாம்பு இருக்காம். வீடியோவில பார்த்தனான்."

"அதுகள் ஊருக்குள்ள வராது மாமி."

"ஒரே பிள்ளையைப் பெத்து, படிக்கவைச்சு... கடைசியில தாய் தேப்பன் பாலைவனத்தில. சரி, நீ படிச்சனி."

என் வேலை இங்கே. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பிரெஞ்சில் எழுதுகிறேன். என்னால் உடனே கிளம்ப முடியாது. நம்மவர்களில் வயது போன பெற்றோர் மகனோடுதான் இருப்பார்கள். மகனுக்குக் கலியாணம் முடிந்து பேரப்பிள்ளைகளைக் கார்டரிக்கு, அதாவது குழந்தைகள் காப்பகத்துக்கு, கூட்டிப்போய்க் கூட்டிவந்து, அப்படியே காலம் போகும். நான் அந்த ஒழுங்கை உடைக்கிறேனா? அம்மாவுக்கும் அதே பயம்தான், வேறு மாதிரி. "இவனை ஆர் பாப்பினம்? சமைக்காமல் பாணைத் திண்டிட்டுக் கிடப்பான்" என்பார்.

ஒரு சனிக்கிழமை மலைமேல் இருக்கும் பெரிய தேவாலயத்துக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினேன். போகவா, இருக்கவா, ஒரு வழி காட்டும் என்று கேட்டேன். சிலருக்குக் கனவில் பதில் வருமாம். எனக்கு அன்றிரவு வந்தது நல்ல நித்திரை மட்டும்.

பாஸ்காத் திருநாள் முடிந்து, வைகாசியில் மூவரும் புறப்பட்டோம். விமானம், பிறகு வாடகைக் கார். நகரத்தை நெருங்க நெருங்க வானம் பெரிதாகிக்கொண்டே போனது. மண் வெளுத்து, மேடுகள் தண்ணீர் வற்றிய கடலின் அலைகள் போலக் கிடந்தன. யாரோ கனவு கண்டு மறந்துவிட்டுப் போன இடம் போல இருந்தது. "இஞ்சருங்கோ, நாகதாளி!" என்று அம்மா கத்தினார். காரை நிறுத்தினேன். வீதியோரம், மன்னாரில் வளர்கிற அந்தக் கள்ளி தரையோடு தரையாய், உள்ளங்கை அளவில், முள்ளோடு படர்ந்திருந்தது. அம்மா அதற்குப் பக்கத்தில் குந்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டலில் அம்மா எல்லோருக்கும் பிரெஞ்சில் "பொன்ஜூர்" சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டு கையசைத்தார்கள். நான் அதிசயித்தது அப்பாவைப் பார்த்து. மொன்ட்ரியாலில் அப்பா வாய் திறவாத மனிதர். பிரெஞ்சு அவருக்கு ஏறவே இல்லை. இங்கே மோட்டல்காரரோடு லொறி எஞ்சின் பற்றி, மணல்புயல் பற்றி, வளைகுடாவில் பழகிய ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டே நின்றார். இடையில் ஒரு பகிடி விட்டு மோட்டல்காரரைச் சிரிக்கவும் வைத்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அப்பா கதைக்கிற மனிதர் என்பது எனக்குத் தெரியாது.

தங்கிய கடைசி நாள் மாலை. முதல் இரண்டு நாளும் பயணக் களைப்பில் அம்மாவுக்கு இழுப்புக் குறையவில்லை; கட்டிலிலும் மூன்று தலையணைகளில் சாய்ந்து இருந்தபடிதான் உறங்கினார். அப்பா கேட்டார்: "இப்ப நீர் சொல்லும். வாறதோ, இல்லையோ?"

அம்மா குளியலறைக்குள் போய், வீட்டிலிருந்து கொண்டுவந்த நீலத் துவாயைத் தோய்த்துப் பிழிந்து, வெளியே மாடிக் கம்பியில் விரித்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"விடியேக்குள்ள இது காஞ்சிருந்தா, ஆண்டவர் போ எண்டு சொல்லுறார். ஈரமாயிருந்தா நான் என்ர பிள்ளையோடதான்."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த ஊரில கிழமைக்கணக்கா மழை இல்லையெண்டு மோட்டல்காரன் சொன்னவன். கடவுளுக்கு நல்ல சுகமான வேலையாய்த்தான் குடுத்திருக்கிறீர்!"

"அவருக்கும் ஆயிரம் வேலை. நான் ஏன் கரைச்சல் குடுப்பான்?"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அம்மா மனதுக்குள் முடிவெடுத்துவிட்டார். என்னை விட்டுப் போகும் பாரத்தை மட்டும் ஆண்டவரின் தோளில் வைக்கப் பார்க்கிறார்.

விடியும் நேரம் ஒரு மணத்தில் விழித்தேன். நனைந்த மண்ணின் மணம். முதலில் கனவு என்றே நினைத்தேன். பிறகு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெளுத்த மேடுகள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. கம்பியில் துவாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கிழமைக்கணக்காக வராத மழை, இன்றா? கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் ட்றையர் இருப்பது நினைவுக்கு வந்தது. காசு போட்டால் சுடச்சுடக் காய்ந்து வரும், அம்மாவுக்குத் தெரியவே வராது. துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு படிவரை போனேன். அங்கேயே நின்றேன். கேட்டது அம்மா. பதில் சொல்ல வேண்டியவர் ஆண்டவர். இடையில் நான் யார்?

ஈரத் துவாயோடு அறைக்குத் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். சத்தம் இல்லை.

அம்மாவின் மூச்சுச் சத்தம் இல்லை.

கட்டிலருகே ஓடினேன். தலையணைகள் மூன்றும் தரையில் கிடந்தன. அம்மா ஒரு பக்கமாய்ச் சரிந்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துப் படுத்திருந்தார். குனிந்து காதை வைத்தேன். மெல்லிய, சத்தமில்லாத மூச்சு என் கன்னத்தில் பட்டது. ஒரு குழந்தையினுடையதைப் போல.

அம்மா படுத்து நித்திரை கொண்டிருந்தார்.

மருத்துவமனை நடையில் நான் கேட்ட ஒரே ஒரு இரவு அது. நான் முழங்காலில் விழுந்து அழுதேன். அந்தச் சத்தத்தில்தான் அவர் கண் விழித்தார்.

"என்னடா, விடிஞ்சிட்டுதோ?" என்று எழுந்தவர், தரையில் கிடந்த தலையணைகளைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

நான் துவாயை நீட்டினேன். "அம்மா, மழை பெய்திட்டுது."

வாங்கித் தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். அன்று வரவில்லை.

"இது காயும். வெய்யில் வந்திட்டுதுதானே. ஆண்டவரும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் தம்பி. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்."

மறுகட்டிலிலிருந்து அப்பா: "அஞ்சு மணிக்கு விசேஷம் எண்டு அழைப்பிதழில அடிச்சா, ஏழு மணிக்கு ரோல்ஸ் முடியேக்குள்ள வருவினமே, அது மாதிரி."

மூவரும் சிரித்தோம். பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில நீ கேட்டதை அப்பா எனக்குச் சொன்னவர். உனக்கெண்டு ஆண்டவர் தந்ததை நான் வேண்டாமெண்டு சொல்லேலுமே?"

துவாயைத் திரும்பக் கம்பியில் விரித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம்; குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்து மொரமொரவென்று ஆகிவிட்டது. அம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "வாங்கோ, வீடு பாக்கப் போவம்."

அந்த யூலையில் அவர்கள் போனார்கள். சத்தமில்லாத வீட்டில் எனக்குப் பல நாள் நித்திரை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கேட்டது கிடைத்தது. ஆனால் அது கிடைத்த இடம் வெகுதூரம். அந்த வெறுமையில்தான், ஏதாவது வேண்டும்போது மட்டும் செபித்த நான், வெறுமனே நன்றி சொல்லவும் கற்றுக்கொண்டேன்.

அம்மா மருந்தை விடவில்லை. பம்ப் இன்னும் கைப்பைக்குள் இருக்கிறது. புகை வரும் நாளில் சன்னலைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். ஆனால் கட்டிலில்தான் உறங்குகிறார். அப்பா கோவில் வாசலில் நின்று வருவோருக்கு வணக்கம் சொல்லுகிற வேலையை ஏற்றிருக்கிறார். அம்மா மோர்மிளகாய் காயவைத்து இங்கே அனுப்புகிறார். ரீற்றா மாமி என்னைக் கண்டால் பாம்பைப் பற்றிக் கேட்பதில்லை. "அடுத்த பொதி எப்பவாம்?" என்றுதான் கேட்கிறார். முன்பு அரை வசனத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிய அம்மா, இப்போது தொலைபேசியில் பாண் சாப்பிடுவதற்காக என்னை நிறுத்தாமல் ஏசுகிறார். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அன்பு உறவுகளே, உங்களில் யாராவது இந்த நேரம் ஏதோ ஒரு நடையில், ஒரு செபமும் வாயில் வராமல் நிற்கலாம். பெரிதாய் வேண்டாம், சின்னதாய்க் கேளுங்கள். ஆனால் எங்கே, எப்போது என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

அந்த நீலத் துவாயை அம்மா என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். மொன்ட்ரியாலில் அது காய இரண்டு நாளாகும். நான் அவசரப்படுவதில்லை.