அவள் கனம் குறைந்த மாதங்கள்

நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கியவன் நான். பிறகு சொந்தமாக லாரி வாங்கி, வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் நடத்தி, இந்தத் தீவில் நான் ஏறாத மாடி இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்தேன். லிஃப்டுக்குள் நுழையாத பியானோவைப் படி வழியாக ஏற்றியிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலர் இன்று தடியை ஊன்றி நடக்கிறார்கள். நான் தேக்கா மார்க்கெட்டிலிருந்து அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபேரர் பார்க்கில் இருக்கும் வீடு வரைக்கும் நடந்தே வருவேன்.

அப்படிப்பட்டவனின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மகள் பேச்சை எடுத்துவிட்டாள்.

"அப்பா, வீட்டோட ஒரு மெய்ட் வெச்சிக்கலாம். இல்லன்னா அம்மாவ நல்ல முதியோர் ஹோமா பாத்து சேர்த்துடலாம்."

"எதுக்கு? உங்கம்மாவ நான் தூக்க மாட்டேனா?"

"உங்களுக்கு எழுபது தாண்டிடுச்சுப்பா."

"மூட்டைக்கு வயசு கேட்டா தூக்குனேன்?"

"அம்மா மூட்டையாப்பா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. நான் தூக்கும் வரைக்கும் அவள் வீட்டில் இருப்பாள். நான் ஒரு நாள் தடுமாறினாலும் மகள் அவளை ஹோமில் சேர்ப்பாள். நான் வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று கைகொடுத்துவிட்டேன். கொஞ்ச காலத்திலேயே இடுப்பு முணுமுணுக்க ஆரம்பித்தது. வெளியே சொல்லவில்லை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற, தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தளத்தில், காலையில் சில சீனக் கிழவர்களும் கிழவிகளும் கூடி மெதுவாகக் கையைக் காலை அசைப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஒல்லியான ஆள், என்னைவிட மூத்தவர், முன்பு டாக்சி ஓட்டியவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தூங்கி எழுந்தவர்கள் சோம்பல் முறிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரிடம் போய், "இது சண்டைக்கு உதவுமா?" என்று மலாயில் கேட்டேன். சிரித்தார். என் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தார். இழுக்கவில்லை, ஓங்கவில்லை. மூச்சை விட்டார், அவ்வளவுதான். நான் பின்னால் போய்த் தூணில் ஒட்டிக்கொண்டேன்.

என்னை யாரும் அப்படித் தள்ளியதில்லை. ஒரு சின்னத் தள்ளல், தரையிலிருந்து கிளம்பி வந்தது மாதிரி. அது உள்ளே சேர்கிற சக்தி, தசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார் அவர். என் மனக்கணக்கு உடனே ஓடியது. அந்தச் சக்தி மட்டும் எனக்கு வந்துவிட்டால், சாகும் வரைக்கும் மனைவியைத் தூக்கலாம். மகள் வாயை மூடிவிடலாம்.

மறுநாளே சேர்ந்தேன். மனைவியையும் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்த் தூணருகே நிறுத்துவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூங்குகிறாள் என்று நினைப்பேன். மாஸ்டர் சில நேரம் குனிந்து அவளிடம் ஏதோ சொல்வார். அவள் செருப்பைத் தன் கால் நுனியால் லேசாக அழுத்திக் காட்டுவார். மரியாதைக்குப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

பாடம் எளிதுதான். முழங்காலை இளக்கு. தோளைத் தொங்கவிடு. மூச்சை விட்டுக்கொண்டே உடம்பின் கனத்தைப் பாதத்தில் இறக்கு. தொப்புளுக்குக் கீழே ஓர் உருண்டை மாதிரி வெதுவெதுப்பாகச் சேரும், அதுதான் சக்தி என்பார்.

இங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதல் பாடமே தம் கட்டுவது. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மூச்சை இழுத்து வயிற்றுக்குள் பூட்டி, பல்லைக் கடித்தால்தான் மூட்டை மேலே வரும். மூச்சை விட்டவன் மூட்டைக்கு அடியில் கிடப்பான். என் உடம்பு அப்படி வளர்ந்த உடம்பு. மாஸ்டர் சொல்வது ஆபீசில் உட்கார்ந்தே பழகியவர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். நிற்கும்போதெல்லாம் வயிற்றில் மூச்சைப் பூட்டினேன். அவர் பார்த்துவிட்டால், "ஜாங்ஙான் தஹான் நபாஸ், பாங்!" என்று கத்துவார். மூச்சை அடக்காதே அண்ணே என்று அர்த்தம். தலையாட்டிவிட்டு, அவர் திரும்பியதும் மறுபடி பூட்டுவேன்.

எனக்குத்தான் பலன் முதலில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நம்பினேன். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன் இல்லையா, அவள் மாதத்துக்கு மாதம் கனம் குறைந்துகொண்டே வந்தாள். முன்பு அரிசி மூட்டை மாதிரி இருந்தவள் தலையணை மாதிரி ஆனாள். சாப்பாடு குறையவில்லை, உடம்பு மெலியவில்லை. சக்தி இல்லாமல் வேறென்ன?

பிறகு அந்த உருண்டையும் வந்தது. தொப்புளின் கீழ் விளிம்பில், எலுமிச்சம்பழம் மாதிரி. தம் கட்டினால் வெளியே எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். மாஸ்டரிடம் காட்டவில்லை. இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தும் அவர் வயிற்றில் அப்படி ஒன்று இல்லை. பொறாமைப்படுவார் என்று நினைத்தேன். காப்பிக் கடையில்தான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் லாரியில் முன்பு வேலை பார்த்த ஒருவன் அங்கே இருந்தான்.

"என்னண்ணே, முட்டை போட்டுட்டீங்களா?"

"தொட்டுப் பாருடா. சக்திலா!"

விரலால் அமுக்கினான். "ஐயோ, உள்ள போயிடுச்சுண்ணே!"

"போகும், வரும். அதான் சக்தி."

மேசையில் இருந்த எல்லோருக்கும் அன்று என் செலவில் தேத்தண்ணீர்.

மறுநாள் காலை எனக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை சக்தியை வைத்துக்கொண்டு அக்குளில் பிடித்துத் தூக்குவதா? அவளை இரண்டு கையிலும் முழுதாக ஏந்திக் கொண்டுபோய் ஹாலில் உட்கார வைக்கவேண்டும். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை.

"வேணாங்க. விளையாடாதீங்க."

"சும்மா இரு. பஞ்சு மாதிரி இருக்க நீ."

தம் கட்டினேன். தூக்கினேன்.

அவள் பஞ்சாக இல்லை. அப்படி ஒரு கனம்! மருத்துவமனையிலிருந்து வந்த அன்று இருந்த அதே கனம். இது யார் என்று முகத்தைப் பார்த்தேன், அவள்தான். விட மனமில்லாமல் இன்னும் இறுக்கிப் பூட்டினேன். வயிற்றுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. அவள் மெத்தைமேலேயே விழுந்தாள். நான் தரையில் மண்டி போட்டுவிட்டேன். உருண்டை கல்லாகி வெளியே நின்றது. அமுக்கினேன், உள்ளே போகவில்லை. வலியில் கண் இருட்டியது. எனக்கு வந்த முதல் நினைப்பு, தடுமாறிவிட்டேனே, இவளை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களே என்பதுதான்.

அப்போது அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் தரையில் வைத்தாள். மூச்சை நீளமாக விட்டாள். எழுந்து நின்றாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலி எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் சுவரைப் பிடித்தபடி, இடது காலை இழுத்து இழுத்து, ஹாலுக்கு நடந்தாள். போனை எடுத்தாள். "ஹலோ, ஆம்புலன்ஸ்? மை ஹஸ்பண்ட்லா, ஸ்டமக் வெரி பெயின்," என்றாள். புளோக் நம்பரைத் தெளிவாகச் சொன்னாள். திரும்ப நடந்து வந்தாள்.

"நீ... நிக்கிற," என்றேன்.

"பேசாதீங்க. தம் கட்டாதீங்க. மூச்ச விடுங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். குடல் இறக்கம், குடலின் ஒரு பகுதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது, இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். இந்த வீக்கம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். சக்தி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியாது என்றேன். இனிமேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார்.

மகள் ஓடி வந்தாள். ஹோம் பேச்சோடுதான் வந்திருப்பாள், முகத்திலேயே தெரிந்தது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, உன்னை யார் தூக்கி நிறுத்துனா?"

"யாரும் இல்லடி. ஆம்புலன்ஸ்லயும் நானேதான் ஏறுனேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஹோம் பேச்சு வரவே இல்லை. அவள் டாக்டரைத் தேடிப் போனபிறகு மனைவியிடம் கேட்டேன்.

"எப்போலேர்ந்து?"

"போன தீபாவளிக்கு முன்னாடியே கால் ஊனிருச்சு. மாஸ்டர் மூச்ச விட்டுட்டுக் கனத்தப் பாதத்துல இறக்கச் சொல்வாருல்ல. நாற்காலியில உக்காந்துக்கிட்டே செஞ்சேன்."

"அப்ப காலைல காலைல நான் தூக்குனது?"

"பாதி நான் எந்திரிப்பேன். பாதி நீங்க தூக்குவீங்க." கொஞ்சம் யோசித்தாள். "பாதிக்குக் கொஞ்சம் கம்மிதான்."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"சக்தி வந்துருச்சு, சக்தி வந்துருச்சுன்னு காப்பிக் கடை பூரா சொல்லிட்டு வந்தீங்க. நான் நின்னுட்டா அப்புறம் நீங்க என்ன செய்வீங்க?"

போர்வையை இழுத்து வயிற்றுக் கட்டை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் என் இரண்டு கையும் அவள் அக்குளுக்குப் போயின.

"கைய மட்டும் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். என் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தாள். மூச்சை விட்டாள். அவள் எழுந்தபோது என் கையில் ஒரு சின்னத் தள்ளல், தரையிலிருந்து கிளம்பி வந்தது. என்னைத் தூணில் ஒட்ட வைத்த அதே தள்ளல். கையை நீட்டியபடி அப்படியே நின்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய்விட்டாள். "காப்பியா, தேத்தண்ணியா?" என்று அங்கிருந்து கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.