நூறு வாட் பத்தல

கண் டாக்டரிடம் போங்க என்று சொன்னால், மனுஷன் டார்ச் செய்ய உட்கார்ந்துவிட்டார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது என்று லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியவில்லை. பத்து நாளாக வீட்டில் இதே கூத்துதான்.

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர் அவர். ஆறு மாதமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போன வாரம் நிழலை இரும்புச் சட்டம் என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். இடுப்பில் கட்டியிருந்த கயிறு காப்பாற்றியது. கால் தோல் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்திருந்தது. ஆபீசில் மூச்சு விடவில்லை. தெரிந்தால் குழியில் இறங்க விடமாட்டார்கள், மேசையோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். மனைவியிடம் மட்டும் சொன்னார். அதையும் எப்படிச் சொன்னார் தெரியுமா?

"டார்ச்ல வெளிச்சம் பத்தல."

பழி டார்ச் மேல்! அன்றைக்கே போய் நூறு வாட் எல்.இ.டி. மூன்று வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம்கூட இல்லை.

இதில் அவளுக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது அவளுடைய தொழில். எமர்ஜென்சி விளக்குக்கு போர்டு செய்யும் பட்டறையில் பதினெட்டு வருஷமாகச் சால்டரிங் வைக்கிறாள். இந்த டார்ச்சை அரை நாளில் செய்து கையில் கொடுத்துவிடுவாள். ஆனால் தொடமாட்டேன் என்று நின்றாள். செய்து கொடுத்தால் அதையும் தூக்கிக்கொண்டு அந்தக் குழிக்குள்தானே இறங்குவார்? அடுத்த முறை கயிறு தாங்குமா என்று யார் கண்டது?

அவரே செய்தார். முதலில் பைக் பேட்டரியில் மாட்டினார். முப்பது வோல்ட்டுக்கு மேல் கேட்கும் எல்.இ.டி. பன்னிரண்டுக்குக் கண்ணையே திறக்கவில்லை. உடனே மூன்று பேட்டரியை வரிசையாகக் கோத்து நேராகக் கொடுத்தார். ஒரே ஒரு மின்னல், அவ்வளவுதான், முதல் எல்.இ.டி. போய்ச் சேர்ந்தது.

"வோல்ட்டைக் கொடுத்தா வேணுங்கிற கரண்டை அதுவே எடுத்துக்காதா? மோட்டார் அப்படித்தானே எடுக்கும்?" என்றார்.

"இது உங்க மோட்டார் இல்லைங்க. இதுக்குப் போதும்னு சொல்லவே தெரியாது. சூடாக ஆக இன்னும் இழுக்கும். கரண்டை நாமதான் கட்டிப்போடணும்."

வாயைக் கட்டிக்கொள்ள முடியாமல் இவ்வளவு சொல்லிவிட்டதற்கு அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

அவர் காதில் பாதிதான் ஏறியது. வோல்ட்டை ஏற்றும் போர்டு ஒன்று வாங்கினார், கரண்டைக் கட்டுப்படுத்தாத மலிவுச் சரக்கு. எல்.இ.டி.யைச் சாப்பாட்டு டப்பா மூடியில் ஒட்டி, மூடியை ஒரு பிளாஸ்டிக் குழாயில் சொருகினார். மீட்டரை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு போர்டின் வோல்ட் திருகைத் திருப்பினார்.

"முப்பத்தி மூணு. சரியா வச்சிருக்கேன். ஆனாலும் பாரு, பத்தல..."

அவள் எட்டிப் பார்த்தாள். மீட்டரில் இருந்தது முப்பத்தெட்டு. எட்டு அவருக்கு மூன்றாகத் தெரிகிறது! நிறுத்துங்க என்று அவள் கத்துவதற்குள் புகை வந்து, குழாய் இளகி, மேசைத்துணி ஓரம் தீப்பிடித்துக்கொண்டது. குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினாள்.

"பத்தல பத்தலன்னீங்களே, இப்பப் பத்திக்கிச்சு! போதுமா?"

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார், மேசையைத் தடவிக்கொண்டே. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று அவள் சமைக்கவில்லை. இந்த மனுஷன் போர்டைச் சொல்வார், பேட்டரியைச் சொல்வார், குழாயைச் சொல்வார். டார்ச்சில் சொல்ல ஒரு குறை மிச்சம் இருக்கும்வரை கண்ணைச் சொல்லமாட்டார் என்று அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே உட்கார்ந்தாள். கரண்டை மூன்று ஆம்பியருக்கு மேல் விடாத டிரைவர் போர்டு போட்டாள். சூட்டை இழுத்துக்கொள்ளத் தடித்த அலுமினியத் தகட்டில் பசை தடவி எல்.இ.டி.யை இறுக்கினாள், பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டினாள். ஒருவேளை இந்த வெளிச்சத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டால்? நாளைக்கே குழிக்குள் இறங்குவார். பயத்தில் ஒரு திருகாணியை இரண்டு தடவை கீழே போட்டாள்.

ஜன்னல் இல்லாத சாமான் அறைக்கு அவரைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சுவிட்சைப் போட்டாள். சுவர் வெளுத்துப்போயிற்று. அவளுக்குக் கண் கூசித் தண்ணீர் வந்தது. அவர் கண் சுருங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "எவ்வளவு போகுது?"

"மூணு ஆம்பியர். முழுசா எரியுது."

கையை நீட்டி அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ செஞ்சதுல கோளாறு இருக்காது" என்றார், மெதுவாக.

பத்து நாளாக அவள் காத்திருந்த பேச்சு இதுதான். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு பொட்டு சந்தோஷம் வரவில்லை. இதைச் சொல்ல மூன்று எல்.இ.டி.யும் ஒரு மேசைத்துணியும் வேண்டியிருந்ததா என்று எரிச்சலாகத்தான் வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"நாளைக்கு லீவு சொல்லுங்க. டாக்டர்கிட்ட போறோம்."

"சொல்றேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "சூப்பர்வைசர் நம்பரை நீயே போட்டுக் கொடு. எனக்கு எழுத்து தெரியல."